ஊரடங்குக் கணக்கு: வரவா, செலவா?

கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு ஹட்டி. அங்கே இரண்டு ஏக்கர் தேயிலையும், அரை ஏக்கர் குத்தகை நிலத்தில் காய்கறியும் வைத்திருக்கிறார் அந்த விவசாயி. வயது 66. விவசாய இதழ்களின் கேள்வி-பதில் பகுதிக்கு அஞ்சலட்டையில் கேள்வி எழுதிப் போடுவது அவருக்கு முப்பது வருடப் பழக்கம். கொப்புள நோய்க்கு எப்போது மருந்து அடிப்பது, தேயிலைக் கொசுவை எப்படிக் கட்டுப்படுத்துவது, கவாத்து வெட்டிய செடிக்கு எத்தனை நாள் கழித்து உரம் வைப்பது... இப்படி எத்தனையோ கேட்டிருக்கிறார். பதில் வந்த இதழ்களைக் கட்டி பரணில் வைத்திருக்கிறார்.

அவர் எழுதி, தபாலில் போடாத கேள்வி ஒன்றே ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் எழுதியது. கணக்கு நோட்டுக்குள் அந்த அட்டை இன்னும் இருக்கிறது. அதில் இருப்பது இரண்டே வரி: 'இந்த வருட ஊரடங்கால் எனக்கு ஏற்பட்டது லாபமா, நஷ்டமா? இதை எப்படிக் கணக்குப் போடுவது?'

போன வருடம் பேத்தியின் பள்ளியில் பட்டிமன்றம் வைத்தார்கள். கொரோனா ஊரடங்கு காத்ததா, கெடுத்ததா என்பது தலைப்பு. 'கெடுத்தது' அணியில் பேத்தி.

"தாத்தா, நீங்கதான் எல்லாத்தையும் எழுதி வெப்பீங்களே. எனக்கு நாலு பாயிண்ட் குடுங்க" என்று வந்து நின்றாள்.

அவர் நோட்டை எடுத்தார். நாலு பாயிண்டோடு நிற்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் விளக்கு எரிந்தது.

முதல் பக்கம்: கொழுந்து

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. இரவு 8 மணிக்கு டிவியில் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுவதும் ஊரடங்கு. இடையில் இருந்தது நாலு மணி நேரம். தமிழ்நாட்டில் அன்று மாலை 6 மணிக்கே 144 தடை வந்துவிட்டது. மறுநாள் காலை பறிப்பதற்காகக் கூடையும் சாக்கும் தயாராக இருந்தன. ஆனால் ஃபேக்டரி மூடிவிட்டது.

நெல்லோ மஞ்சளோ என்றால் களத்தில் குவித்து வைக்கலாம். கொழுந்து அப்படிக் காத்திருக்காது. பறித்த அன்றே ஃபேக்டரிக்குப் போக வேண்டும். பறிக்காமல் விட்டால் பத்து, பன்னிரண்டு நாளில் முற்றிவிடும். நீலகிரியில் ஏப்ரல், மே மாதங்கள் கோடை மழையில் கொழுந்து பொங்கி வரும் காலம். அந்த வருடமும் மழை ஏமாற்றவில்லை. செடி துளிர்த்தபடியே இருந்தது. வாங்கத்தான் ஆள் இல்லை. குன்னூர் தேயிலை ஏலமும் நின்று போயிருந்தது.

விவசாய வேலைகளுக்கு மத்திய அரசு மார்ச் 27-ல் விலக்கு கொடுத்தது. தேயிலைத் தோட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் 50 சதவிகித ஆட்களோடு அனுமதி வந்தது ஏப்ரல் முதல் வாரத்தில். அதன்பிறகும் ஃபேக்டரியில், 'ஒருத்தருக்கு தினம் இவ்வளவுதான்' என்று அளவு வைத்தே வாங்கினார்கள்.

நோட்டில் உள்ளபடி, 2019 ஏப்ரலில் அவர் கொடுத்த பசுந்தேயிலை 1,180 கிலோ. 2020 ஏப்ரலில் 410 கிலோ. குறைவு 770 கிலோ. கிலோ 14 ரூபாய் என்று போட்டால் 10,780 ரூபாய். பறிப்பது அவரும் மனைவியும்தான் என்பதால் கூலி எதுவும் மிச்சமாகவில்லை. முற்றிப்போன தளிரை வெட்டிச் சமன் செய்ய இரண்டு ஆள், மூன்று நாள். அதற்கு 2,400. ஆக, கொழுந்தில் நஷ்டம் 13,180 ரூபாய்.

இரண்டாம் பக்கம்: கேரட்

அரை ஏக்கரில் போட்டிருந்த கேரட் ஏப்ரல் தொடக்கத்தில் பிடுங்கும் பதத்தில் இருந்தது. மண்டி திறந்திருந்தது, லாரிக்கும் அனுமதி இருந்தது. ஆனால் மூட்டை ஏற்றி இறக்கும் ஆட்கள் வரவில்லை. ஓட்டல்கள், கல்யாண மண்டபங்கள், கேரள வியாபாரம் எல்லாம் படுத்துவிட்டன. ஊரடங்குக்கு முன்பு கிலோ 25 ரூபாய்க்குப் போன கேரட்டை மேட்டுப்பாளையத்தில் 11 ரூபாய்க்குக் கேட்டார்கள்.

'ஒரு வாரம் பார்க்கலாம்' என்று மண்ணிலேயே விட்டார். மழை பெய்ததும் வெடிப்பு விழுந்தது. கடைசியில் 4,000 கிலோ 11 ரூபாய்க்குப் போனது. 600 கிலோ மாட்டுக்கும் எருக்குழிக்கும் போனது. 25 ரூபாய்க்கு எல்லாமே விற்றிருந்தால் 1,15,000. கைக்கு வந்தது 44,000. பள்ளம் 71,000 ரூபாய்.

அந்த ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 23.9 சதவிகிதம் சரிந்ததாக அரசு முதலில் அறிவித்தது. அதே அறிவிப்பில் விவசாயம் மட்டும் 3.4 சதவிகிதம் வளர்ந்திருந்தது. 'விவசாயம்தான் நாட்டைத் தாங்கிப் பிடித்தது' என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். அது பொய்யில்லை. ஆனால், அந்த 3.4-க்குள் எருக்குழிக்குப் போன 600 கிலோ கேரட்டும் எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது. நாட்டுக்கு வளர்ச்சியாக இருப்பது வீட்டுக்கு நஷ்டமாகவும் இருக்கலாம்.

மூன்றாம் பக்கம்: ஆகஸ்டில் வந்த விலை

நோட்டு இதோடு முடிந்திருந்தால் பேத்திக்குப் பாயிண்ட் கிடைத்திருக்கும். ஆனால், ஆகஸ்ட் மாதம் ஒரு விஷயம் நடந்தது. பசுந்தேயிலை விலை ஏறியது.

காரணம் ஊரடங்குதான். அசாமிலும் வங்காளத்திலும் தோட்டங்கள் மூடிக் கிடந்ததில் முதல் பருவக் கொழுந்து போனது. பிறகு அங்கே வெள்ளமும் சேர்ந்துகொண்டது. 2019-ல் 139 கோடி கிலோவாக இருந்த இந்தியத் தேயிலை உற்பத்தி, 2020-ல் 126 கோடி கிலோ அளவுக்கு இறங்கியது. ஆனால், வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் டீ குடிப்பதை நிறுத்தவில்லை. சரக்கு குறைந்தது, விலை ஏறியது. பல வருடங்களாகப் பன்னிரண்டுக்கும் பதினைந்துக்கும் இடையில் கிடந்த கொழுந்துக்கு, இருபதைத் தாண்டிய விலை கிடைத்தது.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அவர் கொடுத்தது 4,100 கிலோ. முந்தைய வருட விலையைவிடச் சராசரியாக 9 ரூபாய் கூடுதல். 36,900 ரூபாய் அதிகம் கிடைத்தது.

நஷ்டம் 13,180-ம் 71,000-ம் சேர்த்து 84,180. கூடுதல் வரவு 36,900. மீதி நஷ்டம் 47,280 ரூபாய். இதுதான் 2020 டிசம்பரில் அவர் போட்ட கணக்கு. அடியில் இரண்டு கோடு போட்டு முடித்தும் விட்டார். அதன்பிறகுதான் அந்த அஞ்சலட்டையை எழுதினார். கணக்கு சரியாக வந்த பிறகும் மனசுக்குச் சரியாக வரவில்லை. அதில் அவர் மட்டும்தான் இருந்தார்.

மகனின் பக்கம்

மகன் ஊட்டியில் டூரிஸ்ட் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். 2019-ல் கடன் வாங்கி எடுத்த வண்டி. மாதத் தவணை 11,500. மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வருடம் என்பதே ஏப்ரல், மே இரண்டு மாதம்தான். அந்த சீசனில் வருவதை வைத்துத்தான் மழைக்காலத்தைத் தள்ளுவார்கள்.

2020-ல் மலர்க் கண்காட்சி நடக்கவில்லை. ஊட்டி தாவரவியல் பூங்கா செப்டம்பர் வரை திறக்கவில்லை. மற்ற மாவட்டங்களுக்கு இ-பாஸ் எடுக்கப்பட்ட பிறகும் நீலகிரிக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு அது தொடர்ந்தது. 2021 சீசனும் போனது. அந்த ஏப்ரல் 20-லிருந்தே சுற்றுலாப் பயணிகளுக்குத் தடை.

ரிசர்வ் வங்கி சொன்னபடி ஆறு மாதத் தவணை தள்ளி வைக்கப்பட்டது. ஆனால், தள்ளிப்போனது தவணைதான். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. 2021 ஜூனில் வண்டியை விற்றார். இன்றைக்கும் இன்னொருவர் வண்டியைத்தான் ஓட்டுகிறார்.

"உங்க கொழுந்து மறுபடி துளிர்த்துச்சுப்பா. ஆகஸ்ட்ல விலையும் வந்துச்சு. போன சீசன் எனக்குத் திரும்பி வருமா?" என்று ஒருநாள் கேட்டார் மகன். அப்பாவிடம் பதில் இல்லை. அப்பாவின் கொழுந்துக்கு விலை ஏறியதும் மகனின் வண்டி நின்றதும் ஒரே ஊரடங்கால்தான். ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்கே இரண்டு கணக்கு.

2024 மே 7 முதல், கூட்டத்தைக் கட்டுப்படுத்த உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் மறுபடி வந்திருக்கிறது. மலைக்கு அது நல்லது என்று நினைக்கிறார் அப்பா. அந்த வார்த்தையைக் கேட்டாலே மகனுக்கு வயிறு கலங்குகிறது. இரண்டும் நியாயம்தான்.

வாசலில் போட்ட மரம்

நோட்டில் எழுதாத பக்கம் ஒன்றும் உண்டு.

மார்ச் 26-ம் தேதி காலை, கோயில் முற்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஊருக்குள் வெளியாட்கள் யாரையும் விடக்கூடாது, வெளியூரிலிருந்து வரும் நம் பிள்ளைகளானாலும் 14 நாள் சமுதாயக் கூடத்தில் இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வர வேண்டும் என்று முடிவானது. எதிர்த்துப் பேசியவர்கள் இரண்டு பேர். ஆதரித்துப் பேசியவர்களில் இவரும் ஒருவர். ஊரில் முப்பது பேருக்கு மேல் அறுபது தாண்டியவர்கள். 'ஒருத்தருக்கு வந்தால் போதும், வரிசையாகப் போய்விடுவோம்' என்றுதான் பேசினார். அன்று மதியமே ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டார்கள்.

அவருடைய கேரட் நிலத்தில் வேலை செய்த ஜார்கண்ட் தம்பதி, மரத்துக்கு வெளியே, சாலையோரம் ஒரு வாடகை அறையில் இருந்தார்கள். நாலு வயதுப் பெண் குழந்தை. மளிகைக் கடை மரத்துக்கு உள்ளே. அவர்களுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. தமிழ்நாட்டு ரேஷன் அட்டை இல்லாததால், அட்டைதாரர்களுக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாயும் இலவச அரிசியும் அவர்களுக்கு வரவில்லை. வேறு மாநில அட்டையை வைத்து இங்கே அரிசி வாங்கும் வசதி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபரில்தான். இவரும் இன்னும் இரண்டு பேரும் அரிசி, பருப்பு கொண்டுபோய் மரத்தின் மேல் வைத்துவிட்டு வருவார்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் மாலை, அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். குழந்தைக்குக் காய்ச்சல். ஊருக்குள் இரண்டு ஆட்டோ, ஒரு ஜீப் இருந்தன. "அண்ணா, வண்டி" என்று மட்டும் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றவர்கள் எல்லோரும் நாலடி பின்னால் போனார்கள். இவரும் போனார்.

புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையோடு நாலு கிலோமீட்டர் நடந்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். சாதாரணக் காய்ச்சல்தான். இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

மே மாதக் கடைசியில், அரசு ஏற்பாடு செய்த பஸ்ஸில் கோவைக்குப் போய், சிறப்பு ரயிலில் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். கேரட் பிடுங்கிய ஆறு நாள் கூலி பாக்கி இருந்தது. ஆணுக்கு 400, பெண்ணுக்கு 300 என்ற கணக்கில் 4,200 ரூபாய். மண்டிப் பணம் ஜூன் வரை வராததால், கையில் இருந்த 2,000 ரூபாயையும் பத்து கிலோ அரிசியையும் கொடுத்தார். "மீதியை போன்ல அனுப்பிடறேன்" என்றார். ஜூனில் பணம் வந்தபோது அந்த போன் நம்பர் வேலை செய்யவில்லை. பிறகு எப்போது கூப்பிட்டாலும் அதே பதில்தான்.

2,200 ரூபாய் பாக்கி என்று இப்போது, ஐந்து வருடம் கழித்து, பேத்தி கேட்ட அன்று ராத்திரிதான் நோட்டில் எழுதினார்.

அண்ணன்

2020 முழுக்க அந்த ஊரில் ஒருவருக்கும் கொரோனா வரவில்லை. மரத்தைப் போட்டது சரிதான் என்று எல்லோரும் சொன்னார்கள். மரம் மட்டும்தான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பக்கத்தில் மரம் போடாத ஊர்களிலும் அந்தக் கோடையில் நோய் அதிகம் வரவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 மே-ஜூனில் நாடு முழுக்க எடுத்த ரத்தப் பரிசோதனையில், பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட அதுவரை நோய் தொற்றியிருக்கவில்லை. 0.73 சதவிகிதம்தான். 2021 ஜூன்-ஜூலையில் எடுத்த பரிசோதனையில், நோயாலோ தடுப்பூசியாலோ எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தவர்கள் 67.6 சதவிகிதம். மூன்றில் இரண்டு பேர். ஆக, ஊரடங்கு நோயை ஒழிக்கவில்லை. தள்ளிப் போட்டது. தவணையைத் தள்ளிப் போட்ட மாதிரிதான்.

தள்ளிப் போட்டதால் என்ன பயன்? அந்த இடைவெளியில் தடுப்பூசி வந்தது. 2021 ஜனவரி 16-ல் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொடங்கியது. மார்ச் 1-லிருந்து அறுபது வயது தாண்டியவர்களுக்கு.

அவருடைய அண்ணனுக்கு அப்போது வயது 68. "ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல் வருமாம். இப்ப கொழுந்து நேரம். மழை புடிச்சதும் போய்க்கலாம் தம்பி" என்றார். தம்பியும் வற்புறுத்தவில்லை. அவரும் அதே காரணத்தைச் சொல்லித்தான் தள்ளிப் போட்டிருந்தார். சாலையின் குறுக்கே போட்ட மரம் எப்போதோ விறகாகிவிட்டது. ஏப்ரல் மூன்றாம் வாரம், உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு இருவரும் போனார்கள். பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலை.

ஐந்தாம் நாள் அண்ணனுக்கு இருமல். இவருக்கும் உடம்பு வலி. இவர் பிழைத்தார். அண்ணன் மே 14-ம் தேதி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தமிழ்நாட்டில் இரண்டாவது முழு ஊரடங்கு தொடங்கி நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அந்த மலையில் ஒரு சாவு என்றால் பத்து ஊர் சேரும். அண்ணனுக்கு இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். இவரே தனிமையில் இருந்ததால் அந்த இருபதிலும் இல்லை. ஜன்னல் வழியாக வண்டி போவதை மட்டும் பார்த்தார்.

"நோய் இல்லாதப்ப வாசலை மூடினோம். நோய் வாசல்ல வந்து நின்னப்ப திறந்து வெச்சிருந்தோம்" என்று அடிக்கடி சொல்வார். வேறு யாரையும் குற்றம் சொல்லி அல்ல. மரம் போடச் சொன்னவரும் அவர்தான், பந்தியில் உட்கார்ந்தவரும் அவர்தான்.

அதே மாவட்டத்தில், அதே சமயத்தில், கிடைத்த அவகாசத்தைப் பயன்படுத்தியவர்களும் இருந்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு நேரில் போய்ப் பேசி, பயத்தைப் போக்கி, ஊசி போட்டார்கள். 2021 ஜூன் முடிவதற்குள், நீலகிரியில் தகுதியுள்ள பழங்குடியினர் சுமார் 21 ஆயிரம் பேரில் ஏறத்தாழ எல்லோருக்கும் தடுப்பூசி போய்ச் சேர்ந்திருந்தது.

மருந்து அடித்த தோட்டம்

ஊரடங்கு சரியா, தப்பா என்று உலகம் முழுக்கப் படித்தவர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். அந்தச் சண்டை ஒரு தேயிலை விவசாயிக்குப் புரியாத விஷயம் அல்ல.

பனியும் தூறலுமாக இருக்கும் நாட்களில் கொப்புள நோய்க்கு முன்கூட்டியே காப்பர் மருந்து அடிக்கிறோம். மருந்துச் செலவு நோட்டில் இருக்கும். ஆள் கூலி நோட்டில் இருக்கும். மருந்து அடித்ததால் வராமல் போன நோய் மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது. அதனால், நோய் வராத வருடம் 'மருந்து வீண்' என்று தோன்றும். நோய் வந்த வருடம் 'இன்னும் ஒருமுறை அடித்திருக்கலாம்' என்று தோன்றும். ஊரடங்கும் அப்படித்தான். மூடிய கடை கண்ணுக்குத் தெரிகிறது. அதனால் பிழைத்தவர் யார் என்று அவருக்கே தெரியாது.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்க, அடிக்காத பாத்தி ஒன்று பக்கத்தில் வேண்டும். பலரும் ஸ்வீடனைக் காட்டுவார்கள். மற்ற நாடுகள்போல அங்கே எல்லாவற்றையும் மூடவில்லை. சின்னப் பிள்ளைகளின் பள்ளிகள் திறந்தே இருந்தன. 2020-ல் பக்கத்து நார்வே, பின்லாந்தைவிட அங்கே பல மடங்கு அதிகம் பேர் இறந்தார்கள். ஆனால், மூன்று வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கத்துக்கு மேல் ஏற்பட்ட இறப்பு குறைவாக இருந்த ஐரோப்பிய நாடுகளில் ஸ்வீடனும் ஒன்று. அந்த நாட்டு அரசு அமைத்த குழு 2022-ல் கொடுத்த முடிவும் நடுவாகத்தான் இருந்தது: போன பாதை மொத்தத்தில் சரி, ஆனால் தொடக்கத்தில் இன்னும் சீக்கிரமாக, இன்னும் உறுதியாக நடந்திருக்க வேண்டும்.

ஆனால், மண் வேறு என்றால் பாத்தியை ஒப்பிட முடியாது. அங்கே பலர் தாங்களாகவே வீட்டில் இருந்தார்கள். வேலை போனாலும், நோய் வந்தாலும் சம்பளத்தில் பெரும்பகுதி வரும். அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் ஊரில் ஒரு நாள் அடைப்பும் ஒரு நாள் பட்டினியும் ஒன்றுதான். கொரோனாவால் இந்தியாவில் இறந்தவர்கள் அரசுக் கணக்கில் 5 லட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். 2020, 2021 இரண்டு வருடத்தில் மட்டும் வழக்கத்தைவிட 47 லட்சம் பேர் அதிகம் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. இந்திய அரசு அதை ஏற்கவில்லை. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும், மருந்தே அடித்திருக்க வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அது சின்ன நோய் இல்லை.

அதற்காக மருந்தை எப்படி வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றும் ஆகாது. எந்த நேரத்தில் அடிப்பது, எவ்வளவு அடிப்பது, எந்த இடத்தில் அடிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாலு மணி நேர அவகாசம் கொடுக்காமல் நாலு நாள் கொடுத்திருந்தால், ஜார்கண்ட் தம்பதி அப்போதே ஊருக்குப் போயிருக்கலாம். தேயிலைக்கான விலக்கு முதல் நாளே இருந்திருந்தால் கொழுந்து முற்றியிருக்காது. பள்ளிக்கூடம்தான் கடைசியாக மூடி முதலில் திறக்க வேண்டிய இடம் என்று யாராவது முடிவு செய்திருந்தால், பேத்தியின் கதை வேறாக இருந்திருக்கும்.

பேத்தி

2020 மார்ச்சில் அவள் ஐந்தாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் தமிழ்நாட்டில் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் 1-ல். இடையில் ஆறாம் வகுப்பு முழுசாகக் காணாமல் போனது. ஹட்டியில் சிக்னல் கிடைக்காது. தோட்டத்து மேட்டில், ஒரு பாறைமேல் ஏறி நின்றால் இரண்டு கோடு காட்டும். வீட்டில் இருந்த ஒரே போன், அப்பா சவாரி தேடும் போன். மழை வந்தால் வகுப்பு கிடையாது. நீலகிரியில் மழை வராத நாள் எத்தனை?

ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தபோது பின்னமும் தசமமும் அவளுக்குப் புதிதாக இருந்தன. 2025-ல் பத்தாம் வகுப்புத் தேர்வில் கணக்கில் 41. நர்ஸ் ஆக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அறிவியல் பிரிவு எடுக்கவில்லை. பெரியப்பா தாத்தா இறந்த வருடம் பிடித்த ஆசை அது.

கொழுந்து மறுபடி துளிர்க்கும். வண்டியை என்றாவது வாங்கிவிடலாம். ஆறாம் வகுப்பை மறுபடி எங்கே போய் வாங்குவது? நோட்டில் இதற்கு எந்தத் தொகையை எழுதுவது என்று தெரியாமல், 'பேத்தி - ஒரு வருடம்' என்று மட்டும் எழுதினார். அதற்குக் கீழே 'அண்ணன்' என்று எழுதினார். அதற்கு நேராகவும் தொகை இல்லை.

பட்டிமன்றத்துக்கு முதல் நாள் பேத்தியைக் கூப்பிட்டு நோட்டை முழுசாகப் படிக்கக் கொடுத்தார். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணைப் பற்றி அவளிடம் அன்றுதான் முதல்முறையாகச் சொன்னார்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "மரத்தைப் போட்டது தப்பா தாத்தா?"

"மரத்தைப் போட்டதுல தப்பில்லை கண்ணு. முப்பது வயசாளிங்க இருந்த ஊரு. ஆனா அந்தக் குழந்தையும் நம்மள நம்பி வந்ததுதானே. அவங்களையும் உள்ள வெச்சுட்டுப் போட்டிருக்கணும். இல்லைன்னா, ஒரு வண்டியாவது வெளியே நிறுத்தியிருக்கணும். அன்னிக்கு யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை."

பட்டிமன்றத்தில் அவள் அணி தோற்றது. அவள் பேச்சுக்கு மட்டும் தனியாக ஒரு பேனா பரிசு கொடுத்தார்கள்.

பழைய அஞ்சலட்டையை அவர் கிழிக்கவில்லை. புதிதாக ஒன்று வாங்கி எழுதியிருக்கிறார். லாபமா நஷ்டமா என்ற கேள்வியை விட்டுவிட்டார். ஊரடங்கில் மொத்தமாக எவ்வளவு போனது என்பதைவிட, யாரிடமிருந்து போனது, யாருக்காகப் போனது, கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுத்தோமா என்பதுதான் கணக்கு என்று இப்போது நினைக்கிறார். இந்த முறை கேள்வி வல்லுநர்களுக்கும் அல்ல. அவரைப்போல இதழ் படிக்கும் மற்ற விவசாயிகளுக்கு:

'2020-ல் உங்கள் ஊரிலும் வாசலை மூடினீர்களா? வெளியே நின்றவர்களுக்கு என்ன ஏற்பாடு செய்தீர்கள்? மறுபடி இப்படி ஒன்று வந்தால் ஊர்க்கூட்டத்தில் முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? வேலைக்கு வந்து, கூலி பாக்கியோடு ஊர் திரும்பியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லவும். என்னிடம் ஒரு குடும்பத்துக்குச் சேர வேண்டிய 2,200 ரூபாய் இருக்கிறது.'